ஒன்பது பாகக் கயிறு: திருகோணமலைப் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: மட்டக்களப்பிலிருந்து உப்புவெளிக்கு

காலை ஆறே காலுக்கு மட்டக்களப்பில் பஸ் ஏறினோம். நானும் அக்காவின் மகள் துவாரகாவும். பெறாமகள் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, என் மடியில் வளர்ந்தவள். பன்னிரண்டு வயது. சித்திரை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்டபோது, "பெரிய மீன் இருக்கிற கடலுக்கு" என்றாள். பாடும் மீனின் ஊரில் பிறந்த பிள்ளைக்குப் பாட்டு போதவில்லை.

இதற்கு நானே காரணம். போன தவணைப் பரீட்சையில் 'மிகப் பெரிய மீன் எது' என்ற கேள்விக்குத் 'திமிங்கிலச் சுறா' என்று எழுதிச் சரி வாங்கியிருந்தாள். வீட்டுக்கு வந்து, "எப்போதுமே அதுதானா சின்னம்மா?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வருடம் உயிரியல் படிப்பித்தவளுக்கு இப்படியொரு கேள்வி அபூர்வமாகத்தான் கிடைக்கும். விளக்கை அணைத்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தேன். லீட்சிக்திஸ் என்று ஒரு மீன் இருந்தது. ஏறத்தாழ 165 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், அதாவது பதினாறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் நடுப்பகுதியில் அது நீந்தித் திரிந்தது. சுறாவைப் போலக் கசியிழையத்தால், அதாவது குருத்தெலும்பால் ஆன மீன் அல்ல அது. நாம் கறிக்கு வாங்கும் பாரையும் சூரையும் சேர்ந்திருக்கிற கதிர்ச்செட்டை மீன்களின் பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. நமக்குத் தெரிந்த என்புமீன்களில் அதைவிடப் பெரியது இல்லை. அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்துத் தின்று வாழ்ந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு பேச்சு இல்லை.

பஸ் ஏறாவூரைத் தாண்டிச் செங்கலடிக்கு வந்ததும் அவளைத் தட்டி எழுப்பினேன். பெயரிலேயே செங்கல் இருக்கும் ஊர். லீட்சிக்திஸ் என்ற மீன் உலகத்துக்குத் தெரியவந்ததும் செங்கல்லால்தான். இங்கிலாந்தில் பீற்றர்பரோ என்ற நகரைச் சுற்றி, செங்கல் அறுப்பதற்காகப் பெரும் பெரும் குழிகள் தோண்டினார்கள். அங்குள்ள களிமண் ஜுராசிக் கடலின் அடியில் படிந்த சேறு. தொழிலாளரின் மண்வெட்டியில் எலும்புகள் தட்டுப்பட்டன. பக்கத்தில் ஐபரி என்ற இடத்தில் பண்ணை வைத்திருந்த அல்பிரட் லீட்ஸ் என்பவர் அவற்றைத் துண்டு துண்டாகச் சேர்த்தார். பட்டம் பெற்ற விஞ்ஞானி அல்லர், விவசாயி. மீனின் பெயரில் இருக்கும் 'லீட்ஸ்' அவர்தான்; 'இக்திஸ்' என்றால் கிரேக்க மொழியில் மீன். லீட்ஸின் மீன். பெயர் வைத்தவர் ஆர்தர் சிமித் வுட்வர்ட், ஆண்டு 1889. ஒரு விவசாயியின் பொறுமை ஒரு பேரினத்தின் பெயரில் நிலைத்துவிட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் நெகிழ்கிறது.

வாழைச்சேனை, பனிச்சங்கேணி, வாகரை, வெருகல். என் சிறு வயதில் இந்த வழியில் ஆறும் களப்பும் குறுக்கிடும் இடமெல்லாம் பாதைக்குக் காத்து நிற்க வேண்டியிருந்தது. பாதை என்றால் இங்கே தெரு அல்ல, வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக் கரை சேர்க்கும் தெப்பம். அப்படியொரு பெரிய பாதை கிண்ணியாவில் இருந்தது. 2009இல் அங்கே 396 மீற்றர் நீளப் பாலம் திறந்தார்கள். இன்று பஸ் அதைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. துவாரகா ஜன்னலில் முகத்தை ஒட்டிக் கொட்டியாரக் குடாவைப் பார்த்தபடி இருந்தாள்.

உப்புவெளியில் மாமி வீடு. மதியச் சாப்பாடு, தூக்கம், கடல் சத்தம். இன்றைக்கு இவ்வளவுதான்.

இரண்டாம் நாள்: கரைவலை

விடியற்காலை ஐந்தரைக்கே கரையில் நின்றோம். வலையை வளைத்துப்போட்டுவிட்டு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். இளைஞர்கள் சேர்ந்து அம்பா பாடினார்கள். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாட, அந்தப் பாட்டின் இழுவையோடு கயிறும் வந்தது. துவாரகாவும் கயிற்றில் கை வைத்தாள். யாரும் தடுக்கவில்லை.

வலைக்கு எதிரே மணலில் குந்தியிருந்த முதியவர் ஒருவர் எங்களோடு பேச்சுக்கொடுத்தார். அறுபது வருடமாகக் கடலோடு இருப்பவர். நான் ஆசிரியை என்று தெரிந்ததும் 'டீச்சர்' என்றார்; துவாரகாவை 'மகள்' என்றார். கரைவலையின் சூட்சுமத்தை அவர் அவளுக்குச் சொன்ன விதம் என் பாடங்களைவிடத் தெளிவு. "மகள், வலையின் கைப்பக்கம் கண் பெரிது. அது மீனைப் பிடிக்காது, வெருட்டிக் கொண்டுவரும். உள்ளே வர வரக் கண் சிறுக்கும். மடிக்கு வந்தால் நெத்தலிகூடத் தப்பாது. தண்ணீர் மட்டும் போகும்."

மடி கரைக்கு வந்தது. சூடை, நெத்தலி, கொஞ்சம் பாரைக்குஞ்சு, நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கும்பளா. முதியவரிடம் ஒரு கும்பளாவைக் கேட்டு வாங்கினேன். காசு வாங்க மறுத்துவிட்டார்.

மீன் வாங்கப் போகும்போது அம்மா சொல்வார்: 'பூவைத் தூக்கிப் பார்.' சிவந்திருந்தால் புதிய மீன், வெளுத்திருந்தால் பழையது. செவுளுக்கு நம் ஊர்ப்பெயர் பூ. இலங்கைப் பாடநூல்களிலும் அதுவே பெயர். இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலாவது இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். மூடியைத் தூக்கினால் உள்ளே அடுக்கடுக்காய்ச் செவ்விதழ்கள். ஆனால் நாம் பார்ப்பது பூவின் வெளிப்பக்கம், மூச்சு விடும் பக்கம். அதற்கு உட்பக்கம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் துவாரகாவுக்குக் காட்ட வேண்டியிருந்தது.

கும்பளாவின் வாயை நன்றாகத் திறந்தேன். தொண்டைக்குள் இரண்டு பக்கமும் இறகுபோல நீண்ட முட்கள் வரிசையாக நின்றன. பல மீன்களில் இவை குட்டையாக இருக்கும், வாய்வழியே எளிதில் தெரியாது. கும்பளாவில் வாயைத் திறந்தாலே தெரியும். பூவைத் தாங்கும் வில்லின் உட்புறத்தில் சீப்பின் பற்கள் போல நிற்கும் இந்த முட்கள்தான் மீனின் சல்லடை. வாயைத் திறந்துகொண்டு நீந்தும். தண்ணீர் உள்ளே வந்து சீப்பின் வழியே பூவைக் கடந்து வெளியேறும். நுண்ணுயிர்கள் சீப்பில் தங்கும். ஒரே தண்ணீரில் மூச்சும் சோறும். வில்லின் கீழ்க்கையில் முட்களை அவள் ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினாள். 37.

"மடி," என்றாள் சட்டென்று. "இது மீனுக்குள்ளே இருக்கும் மடி!"

முதியவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, எனக்குக் கண் கலங்கியது. அந்த ஒற்றைச் சொல்லில் லீட்சிக்திஸ் வந்து நின்றுவிட்டது.

ஏனென்றால் அந்தப் பெருமீனும் இதைத்தான் செய்தது. அதன் வாயில் பற்கள் இருந்ததற்கு அடையாளம் இல்லை. பூவிற்களில் நின்ற முட்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் கல்லாகிக் கிடைத்திருக்கின்றன. கும்பளாவின் முள் விரல்நகம் அளவு; லீட்சிக்திஸின் முள் 3 முதல் 12 சென்ரிமீற்றர் வரை. ஒவ்வொரு முள்ளின் விளிம்பிலும் இன்னும் சிறிய கிளைப்புகள், அவற்றில் ஊசிபோல நுண்பற்கள். சல்லடைக்குள் சல்லடை. கும்பளா அதன் பேரப்பிள்ளை அல்ல. லீட்சிக்திஸ் சேர்ந்திருந்த பக்கிகோர்மிட் குடும்பம் வாரிசே இல்லாமல் அழிந்துபோனது. கும்பளாவும் சூடையும் அதற்குத் தூரத்துச் சொந்தம் மட்டுமே. ஆனாலும் தொழில் ஒன்று, கருவி ஒன்று.

வெயில் ஏறும் முன் இன்னொரு காரியம் நடந்தது. "அந்த மீன் எத்தனை பாகம், டீச்சர்?" என்று முதியவர் கேட்டார். இரண்டு கைகளையும் விரித்தால் விரல்நுனிக்கு விரல்நுனி ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. மீற்றரில் மட்டுமே நினைத்திருந்த எனக்கு அந்தக் கேள்வி புதிது. மணலில் எழுதிக் கணக்குப் பார்த்தேன்.

மீனின் நீளம் ஒரு நூற்றாண்டாகச் சண்டைக்குரிய விஷயம். 1898இல் லீட்ஸ் அதன் வால் செட்டையைக் கண்டெடுத்தார். மறு ஆண்டு லண்டன் அருங்காட்சியகம் அதை 25 பவுணுக்கு வாங்கியது. வாலின் அகலம் ஒன்பதடி. ஒன்றரைப் பாகம்! அந்த வாலை வைத்து, 1905இல் வுட்வர்ட் உடலை ஏறக்குறைய 9 மீற்றர் என்று மதித்தார். பிறகு 1986இல் டேவிட் மார்ட்டில் ஒத்த குடும்பத்து மீனுடன் எலும்புகளை ஒப்பிட்டபோது 27.6 மீற்றர் வரைகூடப் போகலாம் என்ற கணக்கு வந்தது. அது பதினைந்து பாகம். அந்த எண்தான் உலகெங்கும் பரவியது. 2013இல் ஜெஃப் லிஸ்டனும் கூட்டாளிகளும் வேறு வழியில் போனார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல மீனின் எலும்பிலும் வளர்ச்சிக் கோடுகள் படியும். ஐந்து மீன்களின் எலும்புகளை அறுத்து அந்தக் கோடுகளை எண்ணினார்கள். இருபது வயதில் மீன் 8 முதல் 9 மீற்றர். 38 வயதுவரை வளர்ந்த ஒன்று ஏறக்குறைய 16.5 மீற்றர். ஒன்பது பாகம்.

என்னைக் கேட்டால், இந்தக் கடைசிக் கணக்கையே நம்புவேன். பெரிய எண்ணில் பரவசம் இருக்கிறது, எனக்கும் புரிகிறது. ஆனால் மீனே தன் எலும்பில் எழுதிவைத்த வயதைவிட நல்ல சாட்சி வேறு ஏது?

முதியவர் பழைய கயிறு ஒன்றை எடுத்துத் தன் கைகளால் ஒன்பது பாகம் அளந்து வெட்டினார். ஐந்தாம் பாகத்தில் ஒரு முடிச்சு. அது இருபது வயது. "வைத்துக்கொள் மகள்," என்று அவளிடம் நீட்டினார். அவளும் நானும் ஆளுக்கொரு நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். கயிறு நேராகும் வரை போகப் போக அவள் சிறுத்துக்கொண்டே போனாள். அங்கிருந்து கத்தினாள்: "சின்னம்மா, நான் வால்!"

மூன்றாம் நாள்: சுவாமிமலை

காலையில் கோணேசர் கோயில். போகும் வழியெல்லாம் பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள். 1622இல் போர்த்துக்கேயர் பழைய ஆலயத்தை இடித்தார்கள், இரண்டு ஆண்டுகளில் அதன் கற்களைக்கொண்டே கோட்டையை எழுப்பினார்கள். 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் மலையடிக் கடலில் மூழ்கி ஆலயத்தின் சிதைந்த தூண்களைக் கண்டார்கள். கும்பிட்டுவிட்டு இராவணன் வெட்டுப் பக்கம் போய் உட்கார்ந்தோம். கீழே கடல் நீலமும் பச்சையுமாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"அந்த மீன் இந்தக் கடலிலே இருந்ததா?" என்று அவள் கேட்டாள். வருவதற்கு முன்பே இந்தக் கேள்விக்கு நான் தயாராக இருந்தேன். ஆனாலும் அந்த இடத்தில் உட்கார்ந்து பதில் சொல்லும்போது எனக்கே உடல் சிலிர்த்தது.

இல்லை, ஏனென்றால் இந்தக் கடலே அப்போது இல்லை. லீட்சிக்திஸ் நீந்திய நாளில் இலங்கையும் இந்தியாவும் மடகஸ்காரும் அந்தாட்டிக்காவும் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தில் ஒட்டிக்கிடந்தன. நாம் கால் தொங்கப்போட்டிருக்கும் இந்தக் கிழக்குக் கரைக்கு எதிரே அலை இல்லை, அந்தாட்டிக்காவின் தரைதான் இருந்தது. அந்த நிலம் பிளந்து விலகி வங்காள விரிகுடா திறந்தது மூன்று கோடி ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான். ஆனால் மலை அப்போதே இருந்தது. திருகோணமலையின் குவார்ட்சைட் பாறை நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறியது 50 கோடி ஆண்டுகளுக்கும் முன். மீனைவிட மலை மூத்தது, கடல் இளையது.

அதனால்தான் இங்கே எந்தக் கல்லைப் புரட்டினாலும் அந்த மீன் கிடைக்காது. வெந்து உருமாறிய பாறையில் எலும்பு தங்காது. அது கிடைப்பது இங்கிலாந்தில், பிரான்சின் நோர்மண்டியில், ஜெர்மனியில், தெற்கே சிலியின் அட்டகாமா பாலைவனத்தில். நம் நாட்டில் ஜுராசிக் காலப் படிவு என்றால் புத்தளம் பக்கம் தப்போவவிலும் ஆண்டிகமவிலும்தான். அவற்றில் பெரும்பாலும் செடிகொடிகளின் தடம்தான் இருக்கிறது. அவளுக்கு ஏமாற்றம். உதட்டைக் கடித்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு பாறையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். "இதற்கு அந்த மீன் சின்னப்பிள்ளை," என்றாள்.

மதியம் கன்னியா வெந்நீரூற்று. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. கூட்டம் தாங்கவில்லை, தலையில் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

நேற்றைய குறிப்பை வாசித்த தோழி ஒருத்தி, "எலும்பு இவ்வளவு கிடைத்தும் நீளத்தில் ஏன் இத்தனை குழப்பம்?" என்று கேட்டிருந்தாள். நல்ல கேள்வி. இந்த மீனின் உடலில் எலும்பாக இறுகிய பகுதி குறைவு. முதுகெலும்பின் முள்ளந்தண்டுகள் எலும்பாக மாறவே இல்லை, குருத்தெலும்பாகவே இருந்து அழிந்தன. நீளத்தை அளக்க உதவும் தண்டே இல்லாத மீன்! எஞ்சியவையும் மெல்லிய தகடுகள், சேற்றின் பாரத்தில் நொறுங்கியவை. முதலில் அவற்றை மீன் என்றே யாரும் நினைக்கவில்லை. ஜோன் ஹல்க் அவற்றை முதுகில் தகடுகள் நிற்கும் ஒரு டைனோசரின் கவசம் என்று எழுதினார். 1888 ஆகஸ்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஓத்னியல் மார்ஷ், லீட்ஸின் வீட்டில் அவற்றைப் பார்த்ததுமே இது மீனின் தலையெலும்பு என்று சொன்னார். வுட்வர்ட் பெயர் வைக்கும்போது இந்தச் சிக்கலையும் சேர்த்தே வைத்தார்: லீட்சிக்திஸ் புரொப்ளமாட்டிக்கஸ், பிரச்சினைக்குரிய லீட்ஸ் மீன். 2001இல் பீற்றர்பரோவுக்குப் பக்கத்திலேயே ஒரு குழியில் மாணவர்கள் இன்னொன்றைக் கண்டு, அடுத்த இரண்டு ஆண்டுகள் தோண்டினார்கள். அதுவும் ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகளாகத்தான் வந்தது.

நான்காம் நாள்: ஆழ்கடல்

ஆறு மணிக்குப் படகு. எட்டுப் பேர், உயிர்காப்பு அங்கி, ஒரு போத்தல் இஞ்சித் தேநீர். மாமி தந்துவிட்டது.

திருகோணமலைக் கடலின் சிறப்பு அதன் ஆழம். கொட்டியாரக் குடாவிலிருந்தே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கி வெளியே போகிறது. கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே கீழே நூற்றுக்கணக்கான மீற்றர் சரிந்துவிடும். மகாவலி கொண்டுவந்து கொட்டும் சத்தும் ஆழத்திலிருந்து மேலெழும் சத்தும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் பெருகும். அதைத் தின்னும் சிற்றிறால் பெருகும். அந்த இறாலைத் தின்ன நீலத் திமிங்கிலம் வரும். உலகின் பிற கடல்களில் கிரில் என்ற உயிரைத் தின்னும் நீலத் திமிங்கிலம், நம் கடலில் பெரும்பாலும் ஒருவகைச் சிறு இறாலைத் தின்கிறது. துருவக் கடலுக்குப் போகாமல் வருடம் முழுவதும் இந்தச் சூடான நீரிலேயே சுற்றுகிறது.

இரண்டு மணி நேரம் ஒன்றும் இல்லை. துவாரகாவுக்குக் கடல்நோய் வந்து இரண்டு தரம் வாந்தி எடுத்தாள். திரும்பிவிடலாமா என்று கேட்டேன், தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள். எட்டரை மணியளவில் ஓட்டி கையை நீட்டினார். தூரத்தில் ஒரு வெண்புகை எழுந்து நின்று கலைந்தது. பிறகு இன்னொன்று, பக்கத்தில். நீருக்குக் கீழே முதலில் ஒரு வெளிர்நீலம் பரவியது. அந்த நீலம் முதுகானது. முதுகு முடியவில்லை. வந்துகொண்டே இருந்தது, வந்துகொண்டே இருந்தது, கடைசியில் மிகச் சிறிய ஒரு செட்டை. பிறகு தண்ணீர் மூடிக்கொண்டது.

ஒருவரும் பேசவில்லை. எனக்கு நெஞ்சு அடைத்தது.

அந்த அமைதி நீடிக்கவில்லை. வேறொரு படகு முழு வேகத்தில் எங்களைத் தாண்டி அது மூழ்கிய இடத்துக்கே விரைந்தது. 100 மீற்றருக்குள் நெருங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மூச்செடுக்க மேலே வரும் உயிரின் தலைக்கு மேல் இயந்திரத்தை நிறுத்துவது கொடுமை. எங்கள் ஓட்டி விலகியே நின்றார். அவருக்கு என் நன்றி.

திரும்பும் வழியில் துவாரகா மெல்லச் சொன்னாள்: "அதற்குப் பூ இல்லைதானே. அதனால்தான் மேலே வந்தது."

அந்த நொடிவரை எனக்குத் தோன்றாத ஒன்றை அவள் எடுத்துத் தந்துவிட்டாள். திமிங்கிலத்தை நாம் பார்ப்பதே அது நுரையீரலால் மூச்சு விடுவதால். அதன் சல்லடையும் வேறு, மேல்தாடையில் தொங்கும் நாரிழைத் தகடுகள். நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருள். லீட்சிக்திஸுக்கு மேலே வரவேண்டிய தேவையே இல்லை. பூவிலேயே மூச்சு, பூவின் உட்புறத்திலேயே சாப்பாடு. இருபது, முப்பது, நாற்பது வருடம் வாயைத் திறந்தபடி நீருக்குள்ளேயே போய்க்கொண்டிருந்திருக்கும். அந்தக் காலத்தில் ஒரு படகும் பார்க்க ஆட்களும் இருந்திருந்தால்கூட, நமக்கு ஒரு வெண்புகையும் தெரிந்திருக்காது. ஒன்பது பாக உடம்பு நம் காலடியில் கடந்து போயிருக்கும், நாம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்திருப்போம்.

ஐந்தாம் நாள்: மீன்பிடித் துறை

இன்றைக்கு எழுதக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

புறாத்தீவுக்குப் போவதாகத் திட்டம். காற்று மாறியதால் படகு விடவில்லை. அதற்குப் பதில் மீன்பிடித் துறைக்குப் போனோம். பல நாள் படகுகள் வந்து சூரையும் கெளவல்லாவும் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு மூலையில் கொம்புத் திருக்கைகள், ஐந்தோ ஆறோ. கரிய முதுகு, வெண்மையான வயிறு, வாயின் இரு பக்கமும் சுருட்டிய கொம்புகள். சூரைக்குப் போட்ட வலையில் சிக்கியவை. வெட்டுபவர் முதலில் இறைச்சியைத் தொடவில்லை. வாயைப் பிளந்து, பூவிற்களை மட்டும் பத்திரமாக அறுத்து எடுத்துத் தனிக் கூடையில் போட்டார். காயவைத்துச் சீனாவுக்கு அனுப்புவார்களாம். மருந்துக்கு. இறைச்சியைவிட அதற்குத்தான் விலை.

துவாரகா கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. கும்பளாவின் வாய்க்குள் அவள் எண்ணிய அதே வகைச் சல்லடை, இங்கே விசிறிபோல அகன்று கிடந்தது. கொம்புத் திருக்கையும் வடித்துத் தின்னும் மீன்.

வெட்டியவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கும் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். ஆனால் இந்தத் திருக்கை ஒரு சூலில் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் போடும், அதுவும் எல்லா வருடமும் அல்ல. சூடைபோல முட்டையைக் கொட்டிப் பெருகும் இனம் அல்ல. எடுக்கிற வேகத்துக்குப் பிறக்கிற வேகம் ஒருநாளும் ஈடாகாது. இலங்கைக் கரைகளில் இறக்கப்படும் கொம்புத் திருக்கைகளின் தொகை உலகிலேயே அதிகமானவற்றுள் ஒன்று என்பது நமக்குப் பெருமை அல்ல.

லீட்சிக்திஸின் குடும்பம் சல்லடை போட்டுத் தின்ற காலம் மிக நீளம். அதன் பிறகும் அதே குடும்பத்தில் பொன்னரிக்திஸ், ரின்கோனிக்திஸ் என்று பெருமீன்கள் அந்தத் தொழிலைத் தொடர்ந்தன. 2010இல் மாட் ஃபிரீட்மனும் மற்றவர்களும் எழுதிய ஆய்வுதான் அந்தத் தொடர்ச்சி ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகள் நீண்டதைக் காட்டியது. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களை அழித்த அதே பேரழிவில் அவையும் முடிந்தன. கடலின் அந்த இடம் காலியானது. திமிங்கிலச் சுறாவும் கொம்புத் திருக்கையும் தகட்டு வாய்த் திமிங்கிலமும் ஒவ்வொன்றாக வந்து நிரப்பியது அதற்குப் பிறகுதான். விண்ணிலிருந்து விழுந்த கல்லைத் தடுக்க யாராலும் முடிந்திருக்காது. கூடையில் கிடந்தவை கல் விழுந்து செத்தவை அல்ல.

மாலை முழுக்க அவள் பேசவில்லை. கடற்கரையில் கயிற்றை விரித்து வைத்து, முடிச்சின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதியவர் அன்று வரவில்லை. சொல்லிவிட்டு வர முடியாததில் எனக்கு வருத்தம்.

ஆறாம் நாள்: வீடு

வந்த வழியே திரும்பினோம். கிண்ணியாப் பாலம், வெருகல், வாகரை. செங்கலடியில் அவள் தானாகவே விழித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

கும்பளாவின் பூவில்லை மாமி வீட்டுக் கூரையில் இரண்டு நாள் காயவைத்து, பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். பஸ் முழுக்க அதன் மணம். வீட்டுக்கு வந்ததும் விஞ்ஞானக் கொப்பியில் அதை ஒட்டி, பக்கத்தில் அடிமட்டம் வைத்து 12 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு கீறினாள். ஒரு முள்ளுக்கு மட்டும் பக்கத்தின் பாதி போய்விட்டது.

பிறகு கயிறு. எங்கள் வளவில் கிணற்றடியிலிருந்து அளக்கத் தொடங்கினாள். நுனியை என் கையில் தந்து, "தலையைப் பிடியுங்கள் சின்னம்மா, அசையக் கூடாது," என்றாள். துலாவைக் கடந்தாள். மாமரத்தடியில் முடிச்சு. அக்கா காயப்போட்டிருந்த சீலைகளை விலக்கிக்கொண்டு போனாள். முற்றம் முடிந்தது. படலையைத் திறந்தாள். தெருவில் சைக்கிளில் வந்த ஒருவர் கயிற்றைப் பார்த்து இறங்கி நின்றார். அவள் அவருக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தது கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. கயிறு என் கையில் மெல்ல இறுகியது.